அனுமதி கேட்கவில்லை, வழி கேட்கிறேன்

மன்னார்குடி
3 மார்ச் 2025

சந்திரமதிக்கு,

உன் அக்கா பாப்பம்மாள் எழுதுவது. கவரின் மேல் கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். குப்பையில் போடாமல் பிரித்ததற்கு நன்றி. போனில் பேசலாம் என்றால் நீ என் நம்பரை பிளாக் செய்து ஆறு வருஷம் ஆகப்போகிறது. தபால் ஆபீசில் முப்பத்து நாலு வருஷம் முத்திரை குத்தியவள் நான். தபாலை யாராலும் பிளாக் செய்ய முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் தாரணிக்கு ஜூன் எட்டாம் தேதி, சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில் மண்டபத்தில் கல்யாணம். பத்திரிகை எனக்கு வந்துவிட்டது. நீ அனுப்பவில்லை, தாரணி அனுப்பியிருக்கிறாள். ஓரத்தில் 'பெரியம்மா கன்டிப்பாக வரனும்' என்று இரண்டு தப்போடு தன் கையால் எழுதியிருக்கிறாள். தப்பே இல்லாமல் அச்சடித்த பத்திரிகையைவிட எனக்கு அந்த ஓரம்தான் பெரிது.

நான் வருகிறேன். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டேன். திருச்சியில் விசா ஏஜெண்டைப் பார்த்தேன், பயணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது வரச் சொன்னார். சிங்கப்பூரில் தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார். தங்கை இருக்கிறாள் என்றேன். அட்ரஸ் கேட்டார், கொடுத்தேன். வெளியே வந்த பிறகுதான் நீ இன்னும் அதே வீட்டில் இருக்கிறாயா என்பதே எனக்குத் தெரியாது என்று உறைத்தது.

உன் வீட்டில் தங்கமாட்டேன். லிட்டில் இந்தியாவில் ரூம் எடுத்துக்கொள்கிறேன். போன முறை மாதிரி டூர் கும்பலோடு இல்லை, தனியாக வருகிறேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, வழி கேட்கிறேன். ரயில் நிலையத்தில் உட்கார்ந்து தினம் நூறு பேருக்கு வழி சொல்கிற வேலை உனக்கு. என்னை நூற்றியோராவது ஆளாக நினைத்துக்கொள்.

ஏர்போர்ட்டில் இறங்கியதும் என்ன ஃபார்ம் எழுத வேண்டும்? ரயிலில் லிட்டில் இந்தியாவுக்கு எப்படிப் போவது, டிக்கெட் எங்கே வாங்குவது? பிரஷர் மாத்திரையையும் முழங்கால் மாத்திரையையும் பையில் கொண்டுவர விடுவார்களா? குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா? எதிர் வீட்டு சக்தி இதையெல்லாம் யூடியூபில் காட்டினாள். அதில் வருகிறவர்கள் எல்லோரும் ஓடிக்கொண்டே பேசுகிறார்கள். எனக்கு நிதானமாக எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும்.

பாப்பம்மாள்


ஆங் மோ கியோ
17 மார்ச் 2025

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அதே வீடுதான்.

தாரணி பத்திரிகை அனுப்பியது எனக்குத் தெரியாது. ஏன் அனுப்பினாய் என்று கேட்டேன். "எனக்குப் பெரியம்மா வேணும் லா. உங்க சண்டை உங்களோட" என்று இந்த ஊர்ப் பேச்சில் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

நீங்கள் வர வேண்டாம் என்பது என் எண்ணம். ஜூனில் இங்கே பள்ளி விடுமுறை, எங்கே பார்த்தாலும் கூட்டம். புழுக்கம் தாங்காது. உங்கள் முழங்காலுக்கு இந்த ஊர் நடை ஒத்துவராது. கல்யாணம் முடிந்ததும் தாரணியும் மாப்பிள்ளை ஜெய்யும் ஊருக்கு வருவார்கள். அப்போது ஆசீர்வாதம் செய்துகொள்ளலாம்.

ஆனால் வழி கேட்டுவிட்டீர்கள். கேட்டவர்களுக்குச் சொல்லாமல் இருந்தால் என் வேலைக்கு அழகில்லை.

காகித ஃபார்ம் கிடையாது. வந்து இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் எஸ்ஜி அரைவல் கார்டு என்பதை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் வெப்சைட்டுகளை நம்ப வேண்டாம். மாத்திரைகளை அட்டையோடும் டாக்டர் சீட்டோடும் கொண்டுவாருங்கள். தூக்க மாத்திரை, சில இருமல் மருந்துகளுக்கு முன்கூட்டியே அனுமதி வேண்டும், அதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சூயிங்கம், புகையிலை எதுவும் யாருக்காகவும் எடுத்துவராதீர்கள்.

ஏர்போர்ட் ஸ்டேஷனில் ரயில் ஏறி, அடுத்த ஸ்டேஷனான எக்ஸ்போவில் இறங்குங்கள். அங்கே நீல நிறத் தடத்துக்கு மாறினால் நேராக லிட்டில் இந்தியா. டிக்கெட் வாங்க வேண்டாம். வெளிநாட்டில் செல்லும்படி திறந்துவைத்த பேங்க் கார்டைத் தட்டினால் கதவு திறக்கும். வெளியே போகும்போதும் தட்ட வேண்டும். பஸ்ஸிலும் இறங்கும்போது தட்ட வேண்டும், ஊரிலிருந்து வருகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். ரயிலுக்குள் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

இவ்வளவுதான்.

சந்திரமதி


மன்னார்குடி
30 மார்ச் 2025

சந்திரமதி,

தகவல் எல்லாம் சுத்தம். ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். ஆனால் என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாயே. உனக்கு நான் தலை பின்னிவிட்ட காலத்திலிருந்து 'நீ, வா, போ'தான். அப்பா அதட்டியும் நீ மாறவில்லை. இப்போது பேங்க் மேனேஜருக்கு எழுதுகிற மாதிரி மரியாதை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு சுட்டிருக்காது.

முழங்காலைக் காட்டி என்னைத் தடுக்காதே. ஒரு மாதமாகத் தினமும் காலையில் ஹரித்ராநதிக் குளக்கரையை முழுச் சுற்று சுற்றுகிறேன். முதல் வாரம் நாலு இடத்தில் உட்கார்ந்தேன், இப்போது ஒரே இடம்தான். ஜூனுக்குள் அதுவும் இருக்காது.

ஒன்றை மட்டும் கேட்டுவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு விமானம் ஏற எனக்குப் பிடிக்கவில்லை. 2014 மே மாதம் டூர் கும்பலோடு வந்தேன். லிட்டில் இந்தியாவில் ஒன்றரை மணி நேரம்தான் விட்டார்கள். அதற்காகத்தான் கிளம்பும் முன்பே போனில் பேசிவைத்தோம்: டெக்கா சென்டர் மார்க்கெட் கட்டடம், ஃபர்ஸ்ட் ஃப்ளோர், படிக்கட்டுக்குப் பக்கத்தில், நாலு மணி. நான் நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே போய் நின்றேன். ஐந்தரைக்கு பஸ். ஐந்து இருபது வரை நின்றேன். உனக்காகக் கொண்டுவந்த மாவடு ஜாடியைப் படி கூட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். ஊர் வந்து சேர்ந்ததும் நீ போன் செய்து, நான்தான் வரவில்லை என்று சொன்னாய். 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்லதான்டி நின்னேன்' என்றேன். 'நானும் அங்கதான் நின்னேன், பொய் சொல்லாதே' என்று அழுதாய். போனை வைத்துவிட்டேன்.

பதினோரு வருஷமாக எனக்குப் புரியாதது ஒன்றுதான். வராதவள் எதற்காக அழுதாய்?

பாப்பம்மாள்


ஆங் மோ கியோ
12 ஏப்ரல் 2025

அக்காவுக்கு,

வராதவள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அரை நாள் லீவு போட்டேன். தாரணியைப் பள்ளிச் சீருடையோடே இழுத்துக்கொண்டு வந்தேன். மூன்றே முக்காலிலிருந்து ஆறு மணி வரை டெக்காவில் ஃபர்ஸ்ட் ஃப்ளோரில், படிக்கட்டை ஒட்டி நின்றோம். மீன் கடை கழுவிவிட்ட தண்ணீர் செருப்பில் ஏறியது. பசிக்கும் என்று அவளுக்குச் சாப்பாட்டுக் கடையில் ஒரு பிராட்டா, நம் ஊர்ப் பரோட்டாதான், வாங்கிக் கொடுத்தேன். அவள் அதைப் பிய்க்காமல் வருகிற ஒவ்வொரு சேலையையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் செல்வராஜ் அத்தான் போனில் பேசினார். நீங்கள் டெக்காவில் பட்டுச் சேலை வாங்கிவந்ததாகப் பெருமையாகச் சொன்னார். சேலை எடுக்க நேரம் இருந்திருக்கிறது, தங்கையைப் பார்க்க நேரம் இல்லை. போதுமா? அதற்குத்தான் அழுதேன், இன்றைக்கும் அது ஆறவில்லை.

நான் என்ன எழுதினாலும் நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று தாரணி சொல்கிறாள். அதனால் மீதித் தகவலையும் தந்துவிடுகிறேன்.

எஸ்கலேட்டரில் இடப்பக்கம் நில்லுங்கள், வலப்பக்கம் அவசரக்காரர்களுக்கு. சாப்பாட்டுக் கடையில் மேஜை மேல் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் யாரோ மறந்துவிட்டது அல்ல, இடம் பிடித்துவைத்திருக்கிறார்கள். சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். சாயங்காலம் மழை வரும், குடை கையிலேயே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா முழுக்க நம் ஆட்கள் வாரச் சந்திப்புக்கு வருவார்கள், நடக்க இடம் இருக்காது, அன்றைக்கு எங்கேயும் சீக்கிரம் கிளம்புங்கள்.

ரூம் எடுக்கும்போது லிஃப்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய கடைவீடுகளை ஹோட்டலாக மாற்றியிருப்பார்கள், படி செங்குத்தாக இருக்கும். மாடிக் கணக்கும் வேறு. ரூம் செகண்ட் ஃப்ளோர் என்றால் ஒரு மாடிதான் ஏற வேண்டும். இங்கே தரையோடு இருப்பதுதான் ஃபர்ஸ்ட் ஃப்ளோர். ஊரிலிருந்து வருகிறவர்கள் இதில்தான் தவறுகிறார்கள். தினம் யாராவது ஒருவர் ஒரு மாடி கூடுதலாக ஏறிவிட்டு, இறங்கி வந்து என்னிடம் கோபப்படுகிறார்.

சந்திரமதி


மன்னார்குடி
24 ஏப்ரல் 2025

அடியே மதி,

எழுதியதை ஒட்டுவதற்கு முன் ஒருமுறை படித்துப்பார் என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். முதல் பக்கத்தில் என்மேல் எரிந்து விழுந்திருக்கிறாய். கடைசிப் பக்கத்தில், அதே பேனாவால், எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறாய். உனக்கே தெரியவில்லை.

நான் ஒரு மாடி ஏறி நின்றேன்டி. நம் ஊரில் ஃபர்ஸ்ட் ஃப்ளோர் என்றால் படி ஏறித்தானே போவோம்? ஏறினேன். படிக்கட்டு இருந்தது. சுற்றிலும் சேலைக் கடை, சுடிதார் கடை, தையல் மிஷின் சத்தம். தங்கை நல்ல இடமாகத்தான் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அங்கே மீன் கடையும் இல்லை, தண்ணீரும் இல்லை. நீ என் காலுக்குக் கீழே நின்றிருக்கிறாய். ஊருக்கெல்லாம் வழி சொல்கிறவள் சொந்த அக்காவுக்கு ஒரு மாடியை விழுங்கிவிட்டாய்.

படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். என்னவோ ஏதோ என்று சக்தி ஓடிவந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் அழுதுகொண்டிருந்தேன்.

அந்தச் சேலையையும் சொல்லிவிடுகிறேன். நான் நின்றதற்கு எதிரே ஹலீமா என்ற அம்மாவின் கடை. கால் மாற்றி மாற்றி நின்றதைப் பார்த்து ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். ஒரு மணி நேரம் சும்மா உட்கார வெட்கமாகிவிட்டது. தாரணி பெரியவளானால் கட்டட்டும் என்று ஒரு மயில் பச்சைப் பட்டு எடுத்தேன். பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது. அதைப் போய் உன் அத்தான் பெருமையடித்திருக்கிறார் பார், அவருக்கு என்றைக்கும் வாய் நின்றதில்லை.

சரி. டெக்கா கணக்கு தீர்ந்தது, அதில் உன்மேலும் தப்பில்லை, என்மேலும் தப்பில்லை. ஆனால் 2019 ஆகஸ்டில் அத்தான் இறந்தார். பதினாறு நாளும் ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலைப் பார்த்தேன். நீ வரவில்லை. இப்போது பத்திரிகையும் நீ அனுப்பவில்லை. இந்த இரண்டுக்கும் மாடியைச் சொல்ல முடியாது. முழங்கால், புழுக்கம் என்று சுற்றி வளைக்காதே. நான் ஏன் வரக் கூடாது?

அக்கா


ஆங் மோ கியோ
8 மே 2025

அக்கா,

உன் கடிதத்தை ஸ்டேஷனில் பிரேக் நேரத்தில் படித்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூட வேலை செய்யும் முனீரா பயந்துபோய் கோப்பி வாங்கிவந்து முன்னால் வைத்தாள். அது ஆறிப்போயிற்று. இங்கே வந்து முப்பது வருஷம் ஆகிறது. ஊர்க் கணக்கு என் தலையிலிருந்து எப்போது போனது என்று எனக்கே தெரியவில்லை. உன்னைப் பொய் சொல்கிறாய் என்று சொன்னேன். அந்த வார்த்தையை நினைத்தால் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அத்தான் போன செய்தி வந்ததும் டிக்கெட் பார்த்தேன். பையில் துணிகூட எடுத்துவைத்தேன். பிறகு, அவள் என்னைப் பார்க்காமல் போனாளே, நான் மட்டும் ஏன் ஓட வேண்டும் என்று பையைப் பிரித்தேன். உன் போன் வந்துகொண்டே இருந்தது. எடுத்தால் உன் அழுகையைக் கேட்க வேண்டும். அதனால் பிளாக் செய்தேன். இதற்குச் சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை. வீம்பு, அவ்வளவுதான். எனக்கு வேலை தேடிக் கொடுத்ததும் அந்த மனுஷர்தான், நான் சிங்கப்பூர் கிளம்பியபோது திருச்சி வரை பெட்டி தூக்கி வந்ததும் அவர்தான்.

பத்திரிகை ஏன் அனுப்பவில்லை என்று கேட்டாய். ஜனவரியில் விருந்தினர் பட்டியல் எழுதினோம். உன் பெயரை நான்தான் முதலில் எழுதினேன். என் நாத்தனார், இவருடைய அக்கா, அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வரட்டும், சாப்பிடட்டும். ஆனா தட்டு எடுக்கிறது, ஆரத்தி எடுக்கிறது எல்லாம் சுமங்கலிங்க வேலை. அவங்க முன்னால நிக்க வேணாம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பேனா கையிலேயே இருந்தது. இவரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி உன் பெயரை அடித்துவிட்டேன். உன்னைக் கூப்பிட்டுக் கடைசி வரிசையில் உட்காரவைப்பதைவிடக் கூப்பிடாமல் இருப்பது மேல் என்று தோன்றியது. நீ வராவிட்டால் நான் யாரையும் எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. உண்மை இதுதான். படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். கூப்பிடுவாயா?

மதி


மன்னார்குடி
21 மே 2025

மதி,

போனில் கூப்பிடமாட்டேன். கூப்பிட்டால் நீ அழுவாய், நான் பட்டென்று வைத்துவிடுவேன், மறுபடி பதினோரு வருஷம் ஆகும். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

உன் நாத்தனார் சொன்னது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. அத்தான் போன பிறகு இந்த ஊரிலேயே எத்தனையோ கல்யாணத்தில் அதைக் கேட்டாயிற்று. தாம்பூலத் தட்டை எனக்கு முன்னால் கொண்டுவந்து, சட்டென்று பக்கத்தில் இருப்பவளிடம் திருப்புவார்கள். நான் பார்க்காத மாதிரி ஃபேனைப் பார்ப்பேன். அவர்கள் யாரோ. நீ என் தங்கை. நீ பேனாவோடு சும்மா உட்கார்ந்திருந்தாய் என்பதுதான் வலிக்கிறது. அத்தான் செத்த அன்றும் சும்மா இருந்தாய், ஜனவரியிலும் சும்மா இருந்திருக்கிறாய்.

தட்டு தூக்குவதற்காக நான் வரவில்லை. எங்கே உட்காரச் சொன்னாலும் உட்காருவேன், ஆனால் வராமல் இருக்கமாட்டேன். தாரணி கூப்பிட்டிருக்கிறாள், தாலி கட்டும்போது நான் அங்கே இருப்பேன். விசா கையில் வந்துவிட்டது. ஜூன் நாலாம் தேதி திருச்சியிலிருந்து கிளம்புகிறேன். ரூமுக்கு லிஃப்ட் இருக்கிறது, கேட்டுவிட்டேன். ஏர்போர்ட்டுக்கு வராதே. நீ எழுதிக் கொடுத்த வழியில் நானே வந்துகொள்வேன்.

பச்சைப் பட்டை எடுத்துவருகிறேன்.

அக்கா


லிட்டில் இந்தியா
4 ஜூன் 2025

மதி,

வந்து சேர்ந்தேன். எக்ஸ்போவில் இறங்கி நீல ரயில் மாறினேன். கார்டைத் தட்டினேன், கதவு திறந்தது, எனக்கே ஆச்சரியம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சீனப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். ஹரித்ராநதியைச் சுற்றியவளுக்கு இடம் வேண்டாம் என்று தமிழில் சொன்னேன், பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

சாப்பிடப் போன இடத்தில் மேஜை மேல் டிஷ்யூ பாக்கெட் கிடந்தது. நீ எழுதியது ஞாபகம் வந்து வேறு மேஜைக்குப் போனேன். உன் கடிதம் இல்லாவிட்டால் அதை எடுத்து மூக்கைத் துடைத்திருப்பேன். இந்த ஊர்த் தபால் பெட்டி வெள்ளை நிறம் என்று மட்டும் நீ சொல்லவில்லை. சிவப்புப் பெட்டியைத் தேடி இரண்டு தெரு நடந்தேன்.

இதை அதில்தான் போடுகிறேன். ஹோட்டல் பெயரும் ரூம் நம்பரும் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். வா என்று சொல்லமாட்டேன். கல்யாணத்தன்று எட்டு மணிக்கெல்லாம் மண்டபத்தில் இருப்பேன். கடைசி வரிசையில் என்னைக் கண்டுபிடிப்பது உனக்குக் கஷ்டமாக இருக்காது.

அக்கா


6 ஜூன் 2025
காலை ஒன்பது மணி

அக்கா,

இதை உன் ரூம் வாசலில் நின்று, சுவரில் வைத்து எழுதுகிறேன். கை கோணலாகப் போகிறது. கதவைத் தட்டுவதற்கு மூன்று முறை கையைத் தூக்கிவிட்டேன், முடியவில்லை. உள்ளே நீ யாருக்கோ போனில் இட்லியைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருப்பது கேட்கிறது. சக்தியாகத்தான் இருக்கும்.

நேற்று உன் கடிதம் வந்தது. கடைசி வரிசை என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு நாத்தனார் வீட்டுக்குப் போனேன். இவரும் கூட வந்தார். பூக்கட்டிக்கொண்டிருந்த நாலு பேர் முன்னால் சொன்னேன்: "அண்ணி, சீர் வரிசையில முதல் தட்டு என் அக்கா கையில. அவதான் முன்னால நடப்பா. பிடிக்காதவங்க பின்னால வாங்க." முழுதாகச் சொல்லிவிட்டேன். அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார். கல்யாணத்துக்கு வருவாரா என்று தெரியவில்லை. வராவிட்டாலும் நான் மாற்றமாட்டேன். திரும்பும்போது லிஃப்டில் இவர், இதை ஜனவரியிலேயே தான் சொல்லியிருக்க வேண்டும் என்றார்.

ஆனால் அதற்காக நான் இப்போது வரவில்லை. ஒரு வீட்டுத் துக்கத்தைக் கேட்காமல் அந்த வீட்டாரை நல்ல காரியத்துக்கு அழைக்கக் கூடாது. நம் வீட்டில் அம்மா அதில் எவ்வளவு கறாராக இருந்தார் என்பது உனக்குத் தெரியும். கையில் பத்திரிகையும் வெற்றிலை பாக்கும் வைத்திருக்கிறேன். அதை அப்புறம் தருகிறேன்.

முதலில் அத்தானின் துக்கம் கேட்க வந்திருக்கிறேன். ஆறு வருஷம் தாமதமாக வந்திருக்கிறேன்.

இதைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். கதவைத் திற.

மதி